எண்பதுக்கு இரண்டு குறைவு

வெயிலுமுத்து அண்ணாச்சி வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். குலசேகரன்பட்டினத்தில் தசரா முடிந்து, வேடம் கட்டியவர்கள் காப்பைக் களைந்து ஊர் திரும்பியபின் வருகிற முதல் திங்கட்கிழமை. காலை பதினொரு மணிக்குப் பாளையங்கோட்டைத் தேடல் மையத்தின் மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கும். ஒன்பது வருடங்களாக அந்தச் சத்தத்துக்கு உமையாள் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"இந்த வருஷமும் எல்லையைத் தாண்டலை, அண்ணாச்சி."

அவர் தலையாட்டுவார். ஒரு டீ குடிப்பார். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகும்.

அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் எண் இருந்தது. அதை அவரிடம் சொல்ல உமையாளுக்கு உரிமை இல்லை.

தேடல் மையத்தின் வேலை சொல்வதற்கு எளிது. காணாமல் போன குழந்தையின் பழைய படத்தைப் பெற்றோரிடம் வாங்குவார்கள். இயந்திரம் அந்த முகத்துக்கு வருடம் ஒரு வயது கூட்டும். கூட்டிய முகத்தை நாட்டில் எல்லோரிடமும் இருக்கும் முகப்பதிவு அட்டைகளின் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எண்பதைத் தொட்டால் அந்த அட்டைக்காரருக்குக் கடிதம் போகும், அவர் சம்மதித்தால் ரத்தப் பரிசோதனை நடக்கும். எண்பதைத் தொடாவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது என்பது சட்டம். பட்டியலைப் பார்க்கும் அனுமதி பொறியாளருக்கு மட்டும்தான். ஒப்பிடும் நிரலை எழுதியவள் என்பதால் இங்கே அந்தப் பொறியாளர் உமையாள்.

வெயிலுமுத்துவின் மகள் முப்பிடாதி மூன்று வயதில் காணாமல் போனவள். அவளுடைய கோப்பின் பட்டியலில் முதலிடம் முதல் வருடம் எழுபத்தெட்டு. அடுத்த வருடம் எழுபத்தேழு. பிறகு மறுபடி எழுபத்தெட்டு. ஒன்பது வருடமும் முதலிடத்தில் இருந்தது ஒரே அட்டை, ஒரே பெண்.

எண்பதுக்கு இரண்டு குறைவு.

*

முதல் வருடம் அவர் வந்தபோது, "மேடம், இந்த மிஷின் எப்படிப் பாக்குதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுதீகளா?" என்று கேட்டார். அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் 'கிடைக்குமா' என்றுதான் கேட்டார்கள். எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால் உமையாளுக்குச் சாப்பாடு கூட மறந்துபோகும்.

"உங்களுக்கு என்ன தொழில், அண்ணாச்சி?"

"டவுன்ல மேட்சிங் சென்டர். சேலைக்குப் பிளவுஸ் துணி மேட்ச் பண்ணிக் குடுக்கது. முப்பது வருஷமாச்சு."

"அப்போ நீங்களும் நானும் ஒரே வேலைதான்" என்று சிரித்தாள் உமையாள். மேசைமேல் இருந்த ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்தாள். "கம்ப்யூட்டருக்குப் படம்னா இந்த மாதிரி கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எண். எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம்னு. ரெண்டு படம் ஒண்ணா இருக்கான்னு பாக்க, முதல்ல எல்லாரும் செய்யறது கழித்தல். இந்தப் படத்தோட முதல் கட்டத்துல இருந்து அந்தப் படத்தோட முதல் கட்டத்தைக் கழி. ரெண்டாவதுல இருந்து ரெண்டாவதை. மிச்சத்தையெல்லாம் கூட்டு. மிச்சம் பூஜ்யம்னா ரெண்டும் ஒரே படம்."

"பொறவென்ன, முடிஞ்சு போச்சே."

"முடியாது. அதே ஆளை, அதே இடத்துல, தலையை ஒரு விரற்கடை திருப்பச் சொல்லி இன்னொரு படம் எடுங்க. மூக்கு இருந்த கட்டத்துல இப்போ கன்னம் வந்துடும். கழிச்சா மலை மாதிரி மிச்சம் நிக்கும். உங்களையும் உங்களையுமே வேற வேற ஆள்னு சொல்லிடும்."

அவருக்கு அது பிடித்திருந்தது. "லைட்டு மாறினாலும் அப்படித்தான சொல்லும்? கடைக்குள்ள டியூப்லைட்ல ரெண்டு துணியும் ஒரே மாந்தளிர் கலர் மாதிரி தெரியும். வாசலுக்குக் கொண்டுபோனா ஒண்ணு செவப்பு அடிக்கும், ஒண்ணு மஞ்சள் அடிக்கும். அதனால நான் எந்தப் பொம்பளையாளையும் கடைக்குள்ள வச்சு முடிவு பண்ண விடமாட்டேன். வெயிலுக்கு வாங்கம்மான்னு கூட்டிட்டுப் போயிருவேன். ரெண்டையும் வெயில்ல விரிச்சிப் பாத்தாத்தான் உண்மை தெரியும்."

"அதேதான்!" உமையாள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "அதனால நாங்க கட்டத்தைக் கழிக்கறதில்லை. முகத்தை ஐந்நூத்திப் பன்னிரண்டு எண்ணா மாத்திடறோம். வெளிச்சம் மாறினாலும் தலை திரும்பினாலும் பெருசா மாறாத எண்கள். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மூக்கோட அகலத்துல எத்தனை பங்கு, தாடை எலும்போட வளைவு, இப்படி. ரெண்டு முகத்தோட எண்களும் ஒரே திசையைப் பாத்து நிக்குதான்னு அளந்தா, அதுதான் மதிப்பெண்."

"வயசானா தாடை மாறுமே?"

"மாறும். எப்படி மாறும்னு இயந்திரத்துக்கு லட்சம் முகத்தைக் காட்டிப் பழக்கியிருக்கு. மாறாத சிலது இருக்கு, அதுக்கெல்லாம் தனி எடை. காதுமடல், தழும்பு, மச்சம். குழந்தையில இருந்த மச்சம் கிழவி ஆனாலும் அங்கேயேதான் இருக்கும். அதை மட்டும் தனியாப் பாக்க நானே ஒரு பகுதி எழுதிச் சேர்த்தேன்."

இதைச் சொன்னபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அவரும் ஒன்று சொன்னார், கேட்காமலே. "மேடம், அவ தொலைஞ்சது என் காலடியிலதான். அந்த வருஷம் எனக்கு நேர்த்திக்கடன், காளி வேசம். மூஞ்சி பூரா செவப்புச் சாயம், நாக்கு, கிரீடம், சடை. அவ கையை நான்தான் பிடிச்சிருந்தேன். கூட்டத்துல நிமிந்து பாத்தா, இது எங்கப்பா இல்லைன்னு கையை உருவிட்டா. 'எங்கப்பா எங்கே, எங்கப்பா எங்கே'ன்னு என்னையச் சுத்தியே கேட்டுகிட்டு ஓடினா. ஏட்டி, நாந்தான் அப்பான்னு கத்துதேன். மேளச் சத்தம். நாக்கு வேற கட்டியிருக்கு. திரும்பிப் பாக்கதுக்குள்ள..."

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

*

இந்தத் திங்கட்கிழமை அவருடைய செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக ஏறியது. உமையாளுக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. ஏனென்றால் இது கடைசித் திங்கட்கிழமை. முப்பிடாதிக்கு இன்றோடு இருபத்தைந்து வயது முடிகிறது. அதன்பிறகு ஒருவரை அவருக்குத் தெரியாமல் தேடுவது தவறு என்று சட்டம் சொல்கிறது. அலுவலகம் மூடும்போது, மாலை ஐந்து மணிக்கு, கோப்பு தானாக அழிந்துவிடும். மதிப்பெண் பட்டியலும் அழியும். அந்த எழுபத்தெட்டும் அழியும்.

"எல்லையைத் தாண்டலை, அண்ணாச்சி."

"தெரியும். உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது" என்றார் அவர். இந்த வருடம் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் செருகியிருந்தார், மனைவி பிரம்மசக்தியின் படம். "போன ஆனியில அவளும் போயிட்டா. போறதுக்கு முந்தின நாள்கூட என்ன கேட்டா தெரியுமா? புரட்டாசி வந்தாச்சான்னு கேட்டா. உங்ககிட்ட வரணும்லா, அதுக்காக."

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம். ஒரு பெண்ணின் அட்டை எண் உமையாளின் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிடலாம். சொல்லக்கூடாது என்பதற்கான காரணத்தையும் அவள் மறக்கவில்லை. மையம் தொடங்கிய வருடம் எல்லை எழுபதாக இருந்தது. எழுபத்தொன்பது வந்த ஒரு பெண்ணை ஒரு தாய் வந்து கட்டிப்பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். ரத்தம் பொருந்தவில்லை என்று தெரிய வந்தபோது அந்தத் தாய் நம்ப மறுத்தாள், அந்தப் பெண்ணோ தன்னை வளர்த்தவர்களிடம் திரும்ப முடியாமல் நின்றாள். அதன்பிறகுதான் எண்பது. அந்த எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் உமையாளும் ஒருத்தி.

எண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் வேறொன்று செய்யலாம் என்று தோன்றியது. அதுவும் விதிக்குப் புறம்புதான். வயது கூட்டிய முகத்தைப் பெற்றோருக்குக் காட்டக்கூடாது. அது இயந்திரம் வரைந்த முகம், உலகத்தில் இல்லாத முகம். அதைப் பார்த்துவிட்டால் அவர்கள் அந்த முகத்தையே தெருவெல்லாம் தேடுவார்கள், உண்மையான பிள்ளை எதிரில் வந்தாலும் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் இன்றோடு தேடலே முடிகிறதே.

"அண்ணாச்சி, அவ இப்போ எப்படி இருப்பான்னு மிஷின் நினைக்குதோ, அதைப் பாக்கறீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டினார். உமையாள் திரையைத் திருப்பினாள்.

இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முகம். அகன்ற நெற்றி, பிரம்மசக்தியின் மூக்கு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கை திரையை நோக்கிப் போய், தொடாமல் நின்றது. பிறகு புருவம் சுருங்கியது, கடையில் இரண்டு துணியை விரித்துப் பார்க்கிறவரைப் போல.

"இது வேற பிள்ளை மேடம்."

"மிஷின் வரையறது அண்ணாச்சி, கொஞ்சம் முன்னப்பின்ன..."

"அது இல்ல. சாடையெல்லாம் அவதான். கன்னத்துல இது என்ன, இவ்வளவு பெரிய மச்சம்? எம் பிள்ளைக்கு மச்சமே கிடையாதே."

உமையாள் மூலப் படத்தைத் திறந்தாள். மூன்று வயது முப்பிடாதி, தசராவன்று காலையில் செல்போனில் எடுத்தது. பச்சைப் பாவாடை. இடது கன்னத்தில் கறுப்பாக, மிளகைவிடப் பெரிதாக ஒன்று.

"இதோ இருக்கே."

"அதுவா?" அவர் சிரித்தேவிட்டார். "அது திருஷ்டிப் பொட்டுலா! நான் வச்சது. எப்பவும் அவ அம்மைதான் வைப்பா. அன்னைக்கு அவ புளியோதரை கிண்டிட்டிருந்தா, நீங்களே வச்சிருங்கன்னா. எனக்கு மையை எடுத்துப் பழக்கம் இல்லை, பெருசா அப்பிட்டேன். 'பிள்ளைக்குப் பொட்டு வைக்கச் சொன்னா தார் ஊத்தியிருக்கீக'ன்னு அவ..."

அவர் நிறுத்தினார். உமையாளின் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்.

இயந்திரத்தைப் பழக்கிய லட்சம் முகங்கள் எங்கெங்கோ இருந்து வந்தவை. பிள்ளை அழகாக இருக்கிறது என்று யாரும் கண் வைத்துவிடக்கூடாது என்பதற்காகக் கன்னத்தில் மை வைக்கிற பழக்கம் அந்த ஊர்களில் இல்லை. கன்னத்தில் கறுப்பு வட்டம் என்றால் மச்சம். மச்சம் என்றால் அழியாது, அதற்கு எடை அதிகம். ஆகவே அது முப்பிடாதியின் கன்னத்தில் வருடா வருடம் அக்கறையோடு ஒரு மச்சத்தை வளர்த்தது. மச்சம் இல்லாத உண்மையான முப்பிடாதி எங்கே இருந்தாலும் அவளுக்கு மதிப்பெண் குறைத்தது. இயந்திரம் ஏமாந்ததில் வியப்பில்லை. உமையாள் காரைக்குடிக்காரி. அவளுடைய ஒரு வயதுப் படத்திலும் இடது கன்னத்தில் அதே பொட்டு இருக்கிறது. ஒன்பது வருடமாக அவள் எண்களைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் படத்தை ஒருமுறையும் உற்றுப் பார்க்கவில்லை.

"மேடம், நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?"

"இல்லை அண்ணாச்சி. தப்பு பண்ணது நான்." திரையில் இருந்த கறுப்பு வட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க வச்ச பொட்டை நான் மச்சம்னு எழுதிட்டேன்."

*

இயந்திரத்திடம் ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. 'மச்சம்' என்று குறிக்கப்பட்ட கோப்புகள் எத்தனை? ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு கோப்புகளில் மூவாயிரத்து எண்ணூற்று ஆறு. அவற்றில் பெரும்பாலானவற்றில் மச்சம் இடது கன்னத்தில்.

"ஏன் எல்லாத்துக்கும் இடது பக்கம்?" என்று அவள் முணுமுணுத்தாள்.

"பிள்ளைக்கு எதிர்த்தாப்புல உக்காந்துதான வைப்போம்" என்றார் வெயிலுமுத்து. வலது கை ஆட்காட்டி விரலைக் காற்றில் நீட்டிக் காட்டினார். "நம்ம வலது கை நேராப் போனா, பிள்ளைக்கு அது இடது கன்னம்."

இத்தனை குழந்தைகள் இடது கன்னத்தில் மச்சத்தோடு பிறப்பதில்லை என்பது அந்த எண்ணிக்கையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை, அது சொல்லவில்லை.

இயக்குநர் தெய்வநாயகத்துக்குப் போன் போட்டாள். அவர் முழுவதும் கேட்டார்.

"அந்த ஒரு கோப்பைத் திருத்து. மத்ததை அடுத்த பதிப்புல சத்தமில்லாமச் சேத்துக்கலாம்."

"அடுத்த பதிப்பு சித்திரையில சார். அதுக்குள்ள இருநூத்திச் சொச்சம் கோப்பு வயசு முடிஞ்சு அழிஞ்சிடும்."

"உமையாள், ஒரு கோப்புன்னா திருத்தம். மூவாயிரத்து எண்ணூறுன்னா நாளைக்கு உன் பேரு பேப்பர்ல வரும். அது நீ எழுதின பகுதிம்மா."

"என் பேரு வரட்டும் சார். அந்தப் பிள்ளைங்க பேரு பட்டியல்ல வரணும்னா வேற வழியில்லை."

மறுமுனையில் பெருமூச்சு. "எழுத்துல அனுப்பு. கையெழுத்துப் போடறேன்."

கையெழுத்து வந்து சேர மணி மூன்றாகிவிட்டது. எல்லாக் கோப்பையும் திருத்த நான்கு நாள் ஆகும். முப்பிடாதிக்கு நான்கு நாள் இல்லை. அவளை முதலில் எடுத்தாள். பொட்டைச் சுற்றியிருந்த கன்னத்தின் நிறத்தை எடுத்துப் பொட்டின்மேல் பூசினாள். இது மச்சம் இல்லை என்று குறித்தாள். முதலில் இருந்து வயது கூட்டச் சொன்னாள்.

"இருபது நிமிஷம் ஆகும் அண்ணாச்சி. ஒவ்வொரு வயசாத்தான் போகும்."

திரையில் முகம் அசையத் தொடங்கியது. நான்கு வயது. கன்னம் கொஞ்சம் வற்றியது. ஐந்து. ஆறு. நெற்றி உயர்ந்தது. வெயிலுமுத்து நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"பல்லு விழலையே?"

"எந்தப் பல் எப்போ விழுந்ததுன்னு மிஷினுக்குத் தெரியாது. வாயை மூடியே வரையும்."

"ஓ." ஏழு. எட்டு. "இது பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸ்."

ஒன்பது. பத்து. அவர் ஒவ்வொரு வயதுக்கும் தலையை லேசாக ஆட்டினார், தெருவில் போகிற தெரிந்தவர்களைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி. பதின்மூன்றில் முகம் நீண்டபோது உதட்டைக் கடித்துக்கொண்டார். பதினாறில், "இப்படியே அவ அம்மை. பெண் பாக்கப் போனப்ப பாத்த மூஞ்சி" என்றார். சட்டைப்பையில் இருந்த படத்தை எடுத்து, அதுவும் பார்க்கட்டும் என்பதுபோல் திரையை நோக்கிப் பிடித்துக்கொண்டார்.

பதினேழு நகர்ந்து பதினெட்டு வந்தபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"மேடம், இதைக் கொஞ்சம் மெதுவா ஓடச் சொல்ல முடியுமா?"

மணி மூன்றேகால். நேரம் இருந்தது. உமையாள் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள்.

நாலரை மணிக்குப் பட்டியல் வந்தது. முதலிடத்தில் அதே அட்டை. பக்கத்தில் தொண்ணூற்று மூன்று.

*

ஐந்து மணிக்கு முன்பே கடிதம் போய்விட்டது. இனி எல்லாம் அதில் இருந்தது. 'உங்களை ஒருவர் தேடுகிறார். உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் பதில் எழுதுங்கள். விருப்பம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம், உங்களிடம் காரணம் கேட்கப்பட மாட்டாது.' பதிலுக்கு முப்பது நாள். வெயிலுமுத்துவிடம் உமையாள் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்:

"ஒருத்தங்க இருக்காங்க. கேட்டிருக்கோம். பதில் அவங்க கையில."

"உசுரோட இருக்காளா?"

"இந்த அட்டைக்காரங்க உசுரோட இருக்காங்க. அது உங்க பொண்ணான்னு ரத்தம் சொல்லணும்."

"அது போதும்" என்று கிளம்பிவிட்டார். தினமும் போன் பண்ணுவார் என்று அவள் நினைத்தாள். ஒருமுறைகூடப் பண்ணவில்லை. ஒரு நாள் டவுனுக்குப் போனவள் அவருடைய கடை வழியாக நடந்தாள். அவர் வாசலில், வெயிலில், ஒரு சேலைத் தலைப்பையும் ஒரு துண்டுத் துணியையும் சேர்த்துப் பிடித்து ஒரு அம்மாளிடம் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் தலையாட்டிய பிறகும் அதை மடிக்காமல் நின்றார். உமையாள் கூப்பிடாமல் திரும்பிவிட்டாள்.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில் இருந்து. தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநராக இருக்கும் ஜெபமலர். சம்மதம் என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு குறி. கீழே சில வரிகள்.

'நான்தான் முதலில் தேடினேன். தேடுகிறவர் பட்டியலில் பேர் சேர்க்க, வளர்ந்த இல்லத்தின் சான்றிதழ் கேட்டார்கள். என்னைக் கூட்டத்தில் இருந்து ஏதோ ஒரு வேன் ஏற்றிக்கொண்டு வந்து ரயில் நிலையத்தில் விட்டதாகவும், அங்கிருந்து இல்லத்தார் எடுத்து வளர்த்ததாகவும் இல்லத்து சிஸ்டர் சொல்வார். இல்லத்தை மூடிவிட்டார்கள். சிஸ்டரும் இல்லை. அவர்கள் முதல் நாள் எடுத்த ஒரு படம் மட்டும் என்னிடம் இருக்கிறது.'

ரத்தம் ஆறு நாளில் பொருந்தியது.

*

சந்திப்பு ஒரு சனிக்கிழமை. உமையாள் வாசல் அறையில் காத்திருந்தாள். ஜெபமலரின் அட்டைப் படத்தை ஒன்பது வருடமாகப் பார்த்தவள் அவள். தெருவில் நூறு பேருக்கு நடுவில் பார்த்தாலும் அடையாளம் தெரியும் என்று நினைத்திருந்தாள். காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, வேறு யாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

அவளுடைய இடது கன்னத்தில், கறுப்பாக, மிளகைவிடப் பெரிதாக, ஒரு மைப் பொட்டு இருந்தது.

"இது..." என்றாள் உமையாள்.

"இதா மேடம்?" ஜெபமலர் கூச்சத்தோடு கன்னத்தைத் தொட்டாள். "பஸ்ல எல்லாரும் கேப்பாங்க, கல்யாணப் பொண்ணான்னு. எனக்க படத்துல இது உண்டு. பாருங்க." பர்ஸிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு படத்தை எடுத்தாள். அழுது வீங்கிய மூன்று வயது முகம். கன்னத்தில் கலைந்துபோன பொட்டு. "எங்கிருந்து வந்தேன்னு சொல்ல எனக்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. இதை வச்சவங்க என்னைக்காவது எதிர்ல வந்தா, அவங்களுக்கு அடையாளம் தெரியணும்லா? அதனால பத்து வயசுல இருந்து தினமும் வச்சுகிட்டே இருக்கேன். ஒரு நாள் விட்டதில்ல."

"அட்டையில உங்க படத்துல இது இல்லையே?"

"அங்க மட்டும் விடமாட்டாங்க. முகத்துல ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு சட்டமாம். ஒவ்வொரு தடவையும் பஞ்சைக் குடுத்து, துடைச்சிட்டு உக்காருன்னு சொல்லுவாங்க. துடைச்சிட்டு எடுத்துட்டு, வெளிய வந்து திரும்ப வச்சுக்குவேன்."

உமையாளுக்கு மனக்கணக்கு நிற்கவில்லை. தவறான இயந்திரம், தவறாக வளர்த்த மச்சம். இந்தப் பெண் வருடக்கணக்காக அதே இடத்தில் அதே பொட்டை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள். அந்தப் பஞ்சு மட்டும் இல்லையென்றால் முதல் வருடமே எண்பதைத் தாண்டியிருக்கும். அதைப் பார்க்கப் பிரம்மசக்தியும் இருந்திருப்பாள். இதை என்றாவது இவளிடம் சொல்லவேண்டும். இன்றைக்கு இல்லை.

"வாங்க" என்றாள்.

வெயிலுமுத்து தாழ்வாரத்தின் கடைசியில், டியூப்லைட்டின் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்று காலையில்தான் முகம் மழித்திருந்தார். நெற்றியில் திருநீறுகூட இல்லை. முகத்தில் எதுவுமே இருக்கக்கூடாது என்று முடிவுசெய்து கழுவிக்கொண்டு வந்தவரைப்போல இருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். நாலடி தள்ளி ஜெபமலர் நின்றுவிட்டாள். அவர் அவளுடைய கன்னத்தைப் பார்த்தார். வலது கை ஆட்காட்டி விரல் தானாக நீண்டு, இறங்கியது.

"இப்பவும் பெருசாத்தான் வச்சிருக்கே" என்றார்.

ஜெபமலர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, எங்கோ ஆழத்தில் எதையோ எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறவளைப் போல. அவளுக்குத் தெரியவில்லை என்பது உமையாளுக்குத் தெரிந்தது. மூன்று வயதில் கடைசியாக நிமிர்ந்து பார்த்த முகம் இது இல்லை.

அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கையை நீட்டினார். ஒரு கணம் யோசித்துவிட்டு அவள் பிடித்துக்கொண்டாள்.

"இந்த லைட்டுல ஒண்ணும் தெரியாதும்மா. வெயிலுக்கு வா."

தாழ்வாரத்தைக் கடந்து, படியிறங்கி, வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாளையங்கோட்டையின் பதினொரு மணி வெயில் முற்றம் முழுக்க விரிந்து கிடந்தது. அதன் நடுவில் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, முகத்தை அவளுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"நல்லாப் பாரு. அவசரமில்ல" என்றார். அவள் கையை அவர் விடவில்லை. "மெதுவாப் பாத்துச் சொல்லு, நான்தானான்னு."